லண்டனா, ஆஸ்திரேலியாவா: திரும்பி வருகிறவளின் கணக்கு

டப்ளினில் எங்கள் மருத்துவமனை வார்டில் பிப்ரவரி வந்தால் ஒரு கேக் வெட்டுவோம். யாராவது ஒரு ஐரிஷ் நர்ஸ் கிளம்பிக்கொண்டிருப்பாள். போன வருஷம் பெர்த், அதற்கு முந்தின வருஷம் சிட்னி, நடுவில் ஒருத்தி லண்டன். கேக் முடிந்து டீ ஆறுவதற்குள், அடுத்துப் போகப்போகிறவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். "நீ லண்டன்தானே போனாய்? ஏன் ஆஸ்திரேலியா போகவில்லை?"

நான் திண்டுக்கல் பக்கம் பிறந்தவள். நர்சிங் படித்தது மதுரையில். 2005-ல் டப்ளினுக்கு வேலைக்கு வந்தேன். ஏழு வருஷம் கழித்து ஐரிஷ் குடியுரிமை வாங்கி, இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். 2014-ல் லண்டன் போய், 2019-ல் டப்ளினுக்கே வந்துவிட்டேன். ஐரிஷ் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர்கள் கணக்கில் நானும் சேர்த்தி. இங்கே நர்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் என்னைப் போல வெளிநாட்டில் படித்து வந்தவர்கள். உள்ளூர்ப் பெண்கள் விமானம் ஏற ஏற, அந்த இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லண்டன் பக்கம் சாய்ந்தவள். ஆஸ்திரேலியாவில் ஒரு நாள்கூட டியூட்டி பார்த்ததில்லை. போய் வந்த ஏழெட்டுப் பேர் சொன்னதும், அவர்களுக்காக உட்கார்ந்து நிரப்பிய படிவங்களும்தான் எனக்குத் தெரிந்த ஆஸ்திரேலியா.

சம்பளத்தில் ஆஸ்திரேலியா ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் பேண்ட் 5 நர்ஸுக்கு, அதாவது புதிதாகச் சேரும் நர்ஸின் படிக்கு, 2025-26-ல் தொடக்கச் சம்பளம் 31,049 பவுண்டு. இன்னர் லண்டனில் அதற்குமேல் 20 சதவீதம் தருவார்கள், வாடகை அதைத் தின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனி விகிதம். பொது மருத்துவமனை ஊழியர்கள் ஆண்டுக்கு 9,010 டாலர் வரை வாடகை, கடன் தவணைக்கென்று வரிக்கு முன்பே ஒதுக்கிக்கொள்ளலாம். வெயிலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். திண்டுக்கல்காரிக்கு வெயில் ஒரு சலுகையா?

விசாவில் ஜெயிப்பது பிரிட்டன். ஐரிஷ்காரர்களுக்கு அங்கே விசாவே கிடையாது. இரு நாடுகளுக்கும் இடையே 1920-களிலிருந்து இருக்கிற பொதுப் பயணப் பகுதி ஏற்பாட்டை, பிரெக்சிட் வந்தபோது 2019 மே மாதம் இரு அரசுகளும் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டன. வேலை பார்க்கலாம், குடியிருக்கலாம், நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போடலாம். ஆஸ்திரேலியாவுக்கு எங்கள் பெண்கள் பெரும்பாலும் வொர்க்கிங் ஹாலிடே விசாவில்தான் போகிறார்கள். ஐரிஷ்காரர்களுக்கு 35 வயது வரை கிடைக்கும், ஒரு வருஷம் செல்லும். இரண்டாம் வருஷம் வேண்டுமென்றால் பட்டியலில் உள்ள வேலையை 88 நாள் செய்திருக்க வேண்டும். ஐசியூவில் வென்டிலேட்டர் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒருத்தி குவீன்ஸ்லாந்தில் தக்காளி பறித்தாள். முதுகு பிடித்துக்கொண்டதே தவிர நல்ல அனுபவம் என்றுதான் இன்றும் சொல்கிறாள். ஏதாவது மருத்துவமனை ஸ்பான்சர் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

வளைகுடாவையும் கேட்பார்கள். வரி இல்லை, சேமிக்கலாம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போவது ஐரிஷ்காரர்களுக்குப் புதிதல்ல. 1980-களில் பாக்தாத்தில் இப்னு அல்-பித்தார் என்ற மருத்துவமனையை நடத்தியதே ஏர் லிங்கஸ் விமான நிறுவனத்தின் துணை நிறுவனம்தான்! விமானக் கம்பெனி ஆஸ்பத்திரி நடத்தியது, ஐரிஷ் நர்ஸ்கள் சதாம் உசேன் காலத்து பாக்தாத்தில் ஷிப்ட் பார்த்தார்கள். 1990-ல் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்ததும் வெளியே வர முடியாமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அப்பா பழைய டிவிஎஸ் 50 வாங்கும்போதுகூட மைலேஜ் கேட்க மாட்டார். "விற்றால் என்ன போகும்?" என்றுதான் கேட்பார். வெளிநாட்டு வேலைக்கும் நான் கேட்கிற கேள்வி அதுதான். போகும்போது கிடைப்பதைப் பற்றி ஊரே பேசும். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் அந்த ஐந்து வருஷத்துக்கு என்ன மதிப்பு?

இது என் தலையில் ஏறியது வடக்கு லண்டனில், ஆர்ச்வே பக்கம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஐரிஷ் நர்ஸ் ஒருவர் இருந்தார், மேயோ மாவட்டத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். இஞ்சி போட்ட டீ அவருக்குப் பழகிவிட்டது. 1962-ல் 18 வயதில் டப்ளின் பக்கத்து டூன் லேரி துறைமுகத்தில் கப்பல் ஏறி, வேல்ஸில் ஹோலிஹெட்டில் இறங்கி, ரயிலில் லண்டன் யூஸ்டன் வந்தவர். ஊரில் நர்சிங் பயிற்சி என்றால் அந்தக் காலத்தில் பல மருத்துவமனைகளுக்குக் குடும்பம் பணம் கட்ட வேண்டும். அவர் வீட்டில் ஒன்பது பிள்ளைகள், எங்கே போவது? இங்கிலாந்திலோ பயிற்சி இலவசம், கைச்செலவுக்குப் பணம், தங்க நர்ஸ் ஹோம். அப்படிப் போனவர்கள் கொஞ்சமல்ல. 1971-ல் பிரிட்டனில் சுமார் 31,000 ஐரிஷ் நர்ஸ்கள் இருந்தார்கள், அங்குள்ள நர்ஸ்களில் 100-க்கு 12 பேர்.

அவர் கதையிலும் சிக்கல் திரும்புவதில்தான். அந்தக் காலத்தில் பிரிட்டனில் இரண்டு பயிற்சி உண்டு. மூன்று வருஷம் படித்தால் எஸ்.ஆர்.என்., அது முழுத் தகுதி. இரண்டு வருஷம் படித்தால் எஸ்.இ.என்., அது அதற்குக் கீழ்ப்படி. வெளியூரிலிருந்து வந்த பெண்களை, முக்கியமாக ஐரிஷ், கரீபியப் பெண்களை, இரண்டாவதில் தள்ளிவிடுவது சகஜம். வித்தியாசம் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை, நர்ஸ் என்றால் நர்ஸ்தானே என்று இவரும் சேர்ந்துவிட்டார். பதவி உயர்வு என்று வந்தபோதுதான் புரிந்தது. ஊருக்குப் போய்விடலாம் என்றால் அந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது. போதாக்குறைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அயர்லாந்தில் 1973 வரை கல்யாணமான பெண்ணுக்குப் பெரும்பாலான அரசு வேலை கிடையாது, விதியே அப்படி. 1974 நவம்பரில் பர்மிங்காமில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுத இயக்கத்தின் குண்டு வெடித்த வாரம், பஸ்ஸில் வாயைத் திறக்காமல் போய் வந்ததாகச் சொன்னார். பேசினால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அந்த வாரம்கூடத் திரும்பிப் போக வழியில்லை. "நான் இங்கேயே இருப்பது என்று முடிவு எடுக்கவே இல்லை, கண்ணு. போக முடியவில்லை, அவ்வளவுதான்" என்பார். கண்ணு என்பது நான் கற்றுக்கொடுத்தது.

இன்று சட்டம் மாறிவிட்டது, ஆனால் திரும்புகிறவளிடம் காகிதம் கேட்பது மாறவில்லை.

முதலில் இன்கிரிமென்ட். அயர்லாந்தின் பொதுச் சுகாதாரத் துறையான எச்.எஸ்.இ.யில் மறுபடி சேரும்போது, வெளிநாட்டு மருத்துவமனைச் சர்வீஸைக் காட்டினால் அதற்கேற்ற படியில் உட்கார வைப்பார்கள். லண்டன் சர்வீஸும் செல்லும், மெல்போர்ன் சர்வீஸும் செல்லும். ஆனால் காட்ட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன கிரேடு, சம்பளமில்லா விடுப்பு உண்டா, எல்லாம் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு. லண்டனில் நான் வேலை பார்த்தது இரண்டே இடம். அதில் ஒன்று வார மணி நேரத்தைப் போடாமல் கடிதம் அனுப்பியது. அந்த ஒரு வரிக்காக ஏழு மாதம் கீழ்ப்படிச் சம்பளத்தில் இருந்தேன். கடைசியில் 60 யூரோ டிக்கெட் எடுத்துக் காலையில் போய், அலுவலகத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு ராத்திரி வீட்டுக்கு வந்தேன். பெர்த்தில் இருந்தால் இதைச் செய்ய முடியுமா? ஆஸ்திரேலியா போகிறவர்கள் நிறையப் பேர் ஏஜென்சி மூலம் மூன்று மாதம் ஓரிடம், மூன்று மாதம் இன்னோரிடம் என்று சுற்றுகிறார்கள். ஊர் பார்க்க அருமையான வழி. திரும்பி வந்தபின் ஆறு இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, நேர வித்தியாசத்தில் பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.

அப்புறம் பென்ஷன். பிரிட்டனில் கட்டிய தேசியக் காப்பீட்டு வருஷங்கள் வீணாவதில்லை. அங்கே அரசு பென்ஷன் ஏதாவது வரவேண்டுமென்றால் குறைந்தது 10 வருஷம் வேண்டும், முழுசாக வர 35. எனக்கு ஐந்துதான். ஆனால் இரு நாட்டு ஒப்பந்தப்படி என் ஐரிஷ் வருஷங்களைச் சேர்த்து 10-ஐத் தாண்டியதாக எடுத்துக்கொள்வார்கள், அந்த ஐந்துக்கான பங்கு வயதான காலத்தில் வரும். இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததால், பிரிட்டன் அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ்.ஸின் பென்ஷனும் தனியாக நிற்கிறது.

ஆஸ்திரேலியாவில் சூப்பர் என்பார்கள், நம் பி.எஃப். மாதிரி. 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 சதவீதம் முதலாளி போடுகிறார். கேட்க நன்றாக இருக்கிறது. வொர்க்கிங் ஹாலிடே விசாவில் இருந்தவள் நாட்டைவிட்டுக் கிளம்பி அதை எடுக்கும்போது 65 சதவீதம் வரி. நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை பார்த்தேன். அறுபத்தைந்தேதான். அங்கே நிரந்தரக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு இந்த வரி இல்லை, ஆனால் பணம் பொதுவாக 60 வயது வரை பூட்டிக் கிடக்கும். அங்கேயே இருந்துவிடுகிறவளுக்கு அது நல்ல சேமிப்பு. இரண்டு வருஷம் ஜாலியாக இருந்துவிட்டு வருகிறவளுக்குக் கைச்செலவுக்குத்தான் காணும்.

எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரி அடிக்கிற ஒன்றும் உண்டு, நான் அடிபட்டதும் அதில்தான். 2013 ஜனவரிக்கு முன் அயர்லாந்தில் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்ஷன். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு மொத்த சர்வீஸின் சராசரியை வைத்து. வேலையை விட்டு 26 வாரத்துக்கு மேல் ஆனால் பழையவரும் புதியவராகிவிடுவார். நான் 2005-ல் சேர்ந்தவள். 2014-ல் இரண்டு வரியில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டவர் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். கேரியர் பிரேக் என்று ஐந்து வருஷம் வரை விடுப்பு கேட்டிருக்கலாம், கிடைத்திருந்தால் பழைய திட்டமே தொடர்ந்திருக்கும். பழைய ஒன்பது வருஷம் அப்படியே நிற்கிறது. 2019-க்குப் பிறகு நான் புதுப்பெண்.

எனக்குப் பிடித்த கணக்கையே சொல்லிக்கொண்டு போனால் நியாயமில்லை. ஆஸ்திரேலியா ஜெயிக்கிற ஓர் இடம் என் கணக்கையெல்லாம் சாய்த்துவிடக்கூடியது. விக்டோரியா மாநிலத்தில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பது 2015 முதல் சட்டம். பெரிய மருத்துவமனையின் பொது வார்டில் பகலில் நான்கு பேருக்கு ஒரு நர்ஸ். குவீன்ஸ்லாந்திலும் பகலில் நான்குதான். இங்கிலாந்தில் அப்படிச் சட்டமே இல்லை. லண்டனில் இரவு டியூட்டியில் எனக்குப் பன்னிரண்டு பேர் இருந்ததுண்டு. மெல்போர்னில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருத்தி, இங்கே அவசரப் பிரிவில் தாழ்வாரம் முழுக்க டிராலியில் நோயாளிகள் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஆறாம் மாதமே மறுபடி மெல்போர்னுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். அவளுக்குத் திரும்பி வருவதே கிடையாது, அப்புறம் என் மறுவிலைக் கணக்கு எதற்கு?

அயர்லாந்தும் அழைத்துப் பார்க்காமல் இல்லை. 2013-ல் புதிதாகப் படித்து முடித்த நர்ஸ்களுக்கு 80 சதவீதச் சம்பளம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதிப் பேர் அதைக் கேட்டே பெட்டி கட்டினார்கள் என்று வார்டில் சொல்வோம். இரண்டு வருஷம் கழித்து, பிரிட்டனில் இருந்தவர்களை வீட்டுக்கு வாருங்கள் என்று 1,500 யூரோவும் விமானச் செலவும் தருவதாக அழைத்தது. 500 பேரை எதிர்பார்த்தார்கள், வந்தது நூறை ஒட்டித்தான். அப்போது நான் லண்டனில் இருந்தேன். எங்கள் ஓய்வறையில் அந்த அறிவிப்பைப் படித்துச் சிரித்தோம். டப்ளினில் முன்பணமும் முதல் மாத வாடகையும் கொடுக்கவே அந்தக் காசு காணாது.

நான் திரும்பியது அந்தக் காசுக்காக இல்லை. பையன் பள்ளிக்கூடம் சேர வேண்டியிருந்தது, வீட்டுக்காரர் வேலை டப்ளினிலேயே இருந்தது. ஐந்து வருஷமும் அவர் வெள்ளிக்கிழமை ராத்திரி லண்டன் வருவார், ஒன்றேகால் மணி நேரம். பெர்த் என்றால் இந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒண்டிக்கட்டையாக இருந்திருந்தால் நானே வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. இன்னொன்று, நான் போனது பிரெக்சிட்டுக்கு முன்பு. இந்தியாவில் படித்தவள் என்பதால், பிரிட்டனில் நர்ஸாக என் பெயரைப் பதிவு செய்ய ஐரிஷ் தோழிகளைவிடப் பல மாதம் கூடுதலாக ஆனது. இன்று கிளம்புகிறவர்கள் பதிவு விதியை என்னிடம் கேட்காமல் நேராகப் பதிவு வாரியத்திடம் கேட்பது நல்லது.

இந்த வருஷம் கேக் வெட்டியது கார்க்கிலிருந்து வந்த பெண்ணுக்கு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள், பெர்த்துக்குத்தான் போனாள். ஆனால் ராஜினாமா செய்யவில்லை, கேரியர் பிரேக் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கடற்கரை, நீல வானம், கையில் முதல் மருத்துவமனையின் சர்வீஸ் கடிதம். கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வார மணி நேரம் போடவில்லை.