மீகாமனா, மாலுமியா?

கப்பலைச் செலுத்துபவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்று மொழிபெயர்ப்பாளர்கள் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டுமே பழைய சொற்கள். ஆனால் அவை வந்த வழி வேறு.

பிறப்பு: மீகாமன் பழந்தமிழ் வழக்கு. இதன் இணைவடிவமான நீகான், அகநானூற்றின் 255ஆம் பாடலில் வருகிறது. மாடத்தின் மேல் எரியும் விளக்கொளியைக் கொண்டு கரையை அறிந்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துபவன் அவன். மாலுமியோ, ஆசிரியர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. விண்மீன்களையும் காற்றையும் அறிந்து வழிகாட்டியவரை இந்தியப் பெருங்கடல் வணிகர்கள் அப்பெயரால் அழைத்தனர். 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியிலிருந்து வாஸ்கோ ட காமாவுக்குக் கடல்வழி காட்டியவரைப் போர்த்துக்கீசியர் 'மலேமோ' என்று குறித்ததும் இச்சொல்லைக் கேட்டுத்தான். வழியறிந்தவரை ஆசானாக மதித்த அந்த மனப்பாங்கு என்னை மிகவும் கவர்கிறது.

பொருள் துல்லியம்: மீகாமன் இன்றும் கலத்தைச் செலுத்துபவனை மட்டுமே சுட்டுகிறது. மாலுமி, தன் பழைய பொருளிலிருந்து விரிந்து, கப்பலில் பணிபுரியும் எவரையும் குறிக்கத் தொடங்கிவிட்டது.

எளிமை: மாலுமி எல்லோருக்கும் புரியும், மீகாமனுக்குச் சில வாசகர்களிடம் விளக்கம் தேவைப்படும்.

ஆகவே, செய்திக்கும் பாடநூலுக்கும் மாலுமி போதும். சங்க காலக் கடல் வணிகத்தைப் பற்றிய எழுத்திலும், செலுத்துபவரையும் மற்றப் பணியாளரையும் பிரித்துக்காட்ட வேண்டிய இடத்திலும் மீகாமனையே நான் தேர்வேன். அரபு வணிகரின் கலங்களைப் பற்றி எழுதும்போது மட்டும், மாலுமியை அதன் பழைய பொருளிலேயே ஆளலாம். சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தால் குழப்பம் நேராது.