இதய பைபாஸ் ஒப்பரேசன் முடிந்து வன்னிக்குத் திரும்பியவருக்கு எந்தப் பிரசர் மெசின்?

பாமசிகளில் மூன்று சாமான் காட்டுவார்கள்: மேற்கையில் சுற்றுவது, மணிக்கட்டில் கட்டுவது, விரலில் மாட்டி இரத்த ஒக்சிசனையும் நாடியையும் அளக்கும் ஒக்சிமீற்றர். வாங்கவேண்டியது முதலாவது. மணிக்கட்டு மெசினை நெஞ்சு மட்டத்தில் பிடிக்காவிட்டால் கணக்குப் பிழைக்கும். விலை குறைவு என்று வாங்கினால் அலுமாரிக்குள்தான் கிடக்கும்.

விலைக்கு முன், கையில் சுற்றும் பட்டியின் அளவைக் கேளுங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கு. மண்வெட்டி பிடித்துத் திரண்ட கை 35 இருந்தால் அந்தப் பட்டி பிரசரைக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டி தேவை. தையல் நாடாவால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பைபாஸில் ஒட்டுவதற்காக ஒரு முன்கையிலிருந்து இரத்தக்குழாய் எடுத்திருந்தால் மற்றக் கையில் சுற்றுங்கள்.

துடிப்பு ஒழுங்கு தவறினால் திரையில் மின்னும் இதயக் குறியை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். பைபாஸ் செய்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 40 பேருக்கு ஏட்ரியல் பிப்ரிலேசன் வரும். இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் சுருங்காமல் நடுங்கும் நிலை அது. அனேகமாக இரண்டாம், மூன்றாம் நாளில், ஆஸ்பத்திரியிலேயே வந்துவிடும். சிலருக்கு வீட்டில் தலைகாட்டும். ஆனால் அளக்கும்போது பேசினாலும் கையசைத்தாலும், ஒரு துடிப்பு முந்தி விழுந்தாலும் அதே குறி மின்னும். ஆகவே குறி தெரிந்தால் ஐந்து நிமிடம் சாய்ந்திருந்து மறுபடி அளவுங்கள். திரும்பவும் வந்தால் ஈசிஜி எடுக்கவேண்டும். என்ன கோளாறு என்று சொல்வது அந்தத் தாள்தான்.

மெசின் உண்மையில் சறுக்குவது நாடி எண்ணிக்கையில். துடிப்பு ஒழுங்கு தவறும்போது சில துடிப்புகளுக்கு முன் இதயத்தின் கீழறை நிரம்பியிருக்காது. அந்த மெல்லிய அலை கைக்கு வந்து சேராது. இதயம் 130 தரம் அடிக்க மெசின் 95 என்று காட்டலாம். ஒக்சிமீற்றரும் அப்படியே ஏமாற்றும். கிளினிக்கில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணுவது இதனால்தான். வீட்டில் மணிக்கட்டைத் தொட்டு முழுதாக 60 செக்கன் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. விரலால் எண்ணுவதும் குறைத்துத்தான் காட்டும், ஆனால் ஒழுங்கீனம் விரலுக்குத் தெரியும். பிரசரை ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தரம் எடுத்துச் சராசரியை எழுதுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாய் கோணல் ஏதும் இருந்தால் அளந்துகொண்டிராமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஒப்பரேசனில் பிளந்த நெஞ்செலும்பு பொருந்திவிட்டதா என்று எந்த மெசினும் சொல்லாது. பத்து லீற்றர் வாளித் தண்ணீர் பத்துக் கிலோ. ஒப்பரேசனுக்குப் பின் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குத் தூக்குவதற்கு ஐந்து கிலோவே எல்லை, சிலருக்குப் பன்னிரண்டு கிழமையும் ஆகும். பிரசர் நல்லாயிருக்கு என்று கிணற்றடிக்குப் போகவேண்டாம்.

பெரும்பாலான மெசின்களுக்கு 40 பாகை செல்சியஸ்தான் வெப்ப எல்லை. சித்திரை வெயிலில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், இறக்கி நிழலில் ஆறவிட்டு அளவுங்கள்.