ஜிங்க் வகையா, அவோபென்சோன் வகையா? சேலத்து வெயிலுக்கு எது தோது

ஜிங்க் போன்றவை உள்ள மினரல் சன்ஸ்கிரீன் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அவோபென்சோன் போன்றவை உள்ள கெமிக்கல் சன்ஸ்கிரீன் ரத்தத்தில் கலந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். முதல் பாதி தவறு. ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டையாக்ஸைடும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கின்றன. திருப்பி அனுப்புவது சுமார் 5 சதவீதமே.

இரண்டாம் பாதியில் உண்மை உண்டு, பயம்தான் அளவுக்கு மீறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் 2019-இல் உடம்பின் முக்கால் பங்குக்கு, தினம் 4 முறை பூசச் சொல்லிச் சோதித்தார்கள். அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் உள்ளிட்டவை ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தாண்டின. அந்த அளவைத் தாண்டினால் கூடுதல் சோதனை தேவை, அவ்வளவுதான். அதனால் கெடுதல் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆக்ஸிபென்சோனை மட்டும் தவிர்ப்பது நல்லது. உடம்பில் பூசும் க்ரீம்களில் அதை 2.2 சதவீதத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது, அதற்கு மாற்றாக வேறு பொருள்களும் ஏராளம்.

நம் ஊரில் உண்மையான சிக்கல் அளவுதான். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் க்ரீம் வேண்டும். மாநிறத்திலும் கறுப்பிலும் ஜிங்க் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அதனால் பாதியளவே பூசுகிறார்கள், பாதுகாப்பு அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருப்பது வெறும் எழுத்தாகிவிடுகிறது. தினமும் பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவர்களுக்கு, நிறம் காட்டாத கெமிக்கல் வகையையே பரிந்துரைப்போம். அவோபென்சோன் வெயிலில் சிதையக்கூடியது; அதைச் சிதையாமல் காக்கும் ஆக்டோக்ரிலீனோ பெமோட்ரிசினாலோ கூடவே இருக்கிறதா என்று டியூப்பில் பாருங்கள். மூட்டுவலிக்குக் கீட்டோபுரோஃபென் ஜெல் தடவி அலர்ஜி வந்தவர்களுக்கு ஆக்டோக்ரிலீன் ஆகாது. வியர்வையில் கரைந்து கண் எரிந்தால், கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் பூசலாம்.

முகத்தில் மங்கு (கருந்திட்டு) உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் இரண்டு வகையிலும் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, தோல் நிறத்திலான மினரல் க்ரீமே சரி. எரிச்சல் தாங்காத தோலுக்கும் மினரல்தான் பொருந்தும். ஜிங்க் ஸ்பிரே மட்டும் வேண்டாம், துகள் மூச்சில் போகும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலைக்காட்சி முனையில் பனிமூட்டமும் குளிர்காற்றுமாக இருக்கும்போது பூசாமலே விட்டுவிடுகிறார்கள். சேலத்தைவிட ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரம். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கதிர் கூடும், மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை உள்ளே விடும். வெளியே நிற்கும் வரை 2 மணி நேரத்துக்கொரு முறை மறுபடி பூச வேண்டும். டியூப்பை வண்டிப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் க்ரீம் பிரிந்துவிடும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த வகையும் வேண்டாம். நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் போதும்.