யூபிஎஸ்ஸுக்கு ரிமோட் அக்சஸ் செட் பண்ணிக் கொடுக்கிறேன் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள் - எனக்கு 38,000 போச்சு

யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு போட்டு, வெளியிலிருந்தே பார்க்கிற மாதிரி செட் பண்ணிக் கொடுக்கிறோம் என்று டெக்னீஷியன்களை அனுப்பும் ஆன்லைன் தளங்களில் நிறைய பேர் விளம்பரம் போடுகிறார்கள். அப்படி ஒருவரிடம் வேலையைக் கொடுத்து 38,000 இழந்திருக்கிறேன். கார்டு விலை, வேலைக்கூலி, அதற்கப்புறம் டிஸ்க்கில் போனதை மீட்க ஆன செலவு, எல்லாம் சேர்த்து 38,000. தளத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் இங்கே போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. ஆனால் அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. இதே ஆள் இன்றைக்கும் வேறு யாருக்கோ இதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. சின்ன அலுவலகம். ஒரு சர்வர், ஒரு நாஸ் (ஃபைல்களைச் சேமிக்கும் நெட்வொர்க் டிஸ்க் பெட்டி), அவற்றுக்கு ஒரு யூபிஎஸ். ராத்திரியில் கரண்ட் போனால் எனக்கு மெயில் வர வேண்டும், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் எங்கிருந்தாலும் பார்க்க முடிய வேண்டும். யூபிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் ஸ்லாட்டில் ஒரு மேனேஜ்மென்ட் கார்டைச் செருகி, அதற்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, பாதுகாப்பாக வெளியிலிருந்து பார்க்க வழி செய்தால் முடிந்தது. பாதுகாப்பாக என்ற வார்த்தையை வேலை விவரத்திலேயே எழுதியிருந்தேன். விபிஎன் (அனுமதி உள்ளவர்கள் மட்டும் வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய வழி) வழியாக மட்டும் என்றும் எழுதியிருந்தேன். அந்த ஸ்கிரீன்ஷாட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்கு அவர் போட்ட பதில்: "எல்லாம் செக்யூர்டா பண்ணித் தரேன் சார், இது என் டெய்லி வேலை."

வந்தார். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப். கார்டைச் செருகினார், கேபிளை மாட்டினார், ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்டு வாங்கி ஏதோ தட்டினார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க போன்ல வைஃபையை ஆஃப் பண்ணுங்க, டேட்டாவுல வாங்க" என்றார். ஒரு முகவரியைத் தட்டிக் கொடுத்தார், உள்ளே நுழைந்தார், போனை என் கையில் தந்தார். திரையில் என் யூபிஎஸ். பேட்டரி 100 சதவீதம், லோடு 34 சதவீதம், பக்கத்தில் பச்சை டிக். அந்த ஒரு நிமிடம்தான். வெளி நெட்வொர்க்கிலிருந்து என் ரேக்கில் இருக்கும் பெட்டி என்ன செய்கிறது என்று கண்ணெதிரே தெரிகிறது. விபிஎன்னா என்று கேட்டேன். "ஆமா சார், ரவுட்டர்லயே போட்டுட்டேன், போன்ல தனியா எதுவும் வேண்டாம்" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னார். பாஸ்வேர்டு? "ஸ்ட்ராங்கா மாத்தியாச்சு, டாக்குமெண்டேஷனோட சேர்த்து சாயந்திரம் அனுப்பறேன்." அங்கேயே நின்று ஆப்பில் வேலை முடிந்தது என்று என்னை அழுத்தச் சொன்னார். அது இல்லாமல் அவருக்குப் பணம் வராதாம். அந்த டாக்குமெண்டேஷன் இன்று வரை வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். "அனுப்பறேன் சார்" என்று பதில் மட்டும் வந்தது.

கொஞ்ச நாளில், காலையில் அலுவலகம் திறந்தால் சர்வர் செத்துக் கிடக்கிறது, நாஸ் செத்துக் கிடக்கிறது. யூபிஎஸ்ஸின் திரை எரிகிறது, ஆனால் அவுட்புட் ஆஃப். ராத்திரி கரண்ட் போகவே இல்லை. மெயிலும் எதுவும் வரவில்லை. யூபிஎஸ்ஸை ஆன் செய்ததும் சர்வர் எழுந்துவிட்டது, நாஸ் எழவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கியதில் வால்யூம் (டிஸ்க்கில் ஃபைல்கள் இருக்கும் பகுதி) உடைந்துவிட்டது. பேக்கப் இருந்தது, ஆனால் அதற்குப் பின் செய்த வேலையெல்லாம் அந்த டிஸ்க்கில்தான். மீட்புக்கு ஆன செலவு தனி. அதுவும் இந்த 38,000க்குள் வருகிறது.

தெரிந்த நெட்வொர்க் பொறியாளர் ஒருவரை உட்கார வைத்து கார்டைப் பார்த்தோம். முதலில் ஈவென்ட் லாக். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஐபியிலிருந்து வெப் லாகின். அடுத்த வரி, யூபிஎஸ் அவுட்புட்டை ஆஃப் செய்யும் கட்டளை. அவ்வளவுதான், இரண்டே வரி. தவறான பாஸ்வேர்டு என்று ஒரு முயற்சிகூட அதற்கு முன்னால் பதிவாகவில்லை. ஏன் என்றால், உள்ளே வந்தவன் பயன்படுத்தியது கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்த பெயரும் பாஸ்வேர்டும். ஸ்ட்ராங்காக மாற்றிய லட்சணம் இது. அந்த டீஃபால்ட் பாஸ்வேர்டு கார்டின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் கையேட்டை இறக்கிப் பார்க்கலாம்.

விபிஎன் என்று சொன்னது என்ன தெரியுமா? ரவுட்டரில் ஒரு வரி போர்ட் பார்வர்டிங், அதாவது இணையத்திலிருந்து வருவதை ஒரு வாசல் எண் (போர்ட்) வழியாக நேரே உள்ளே அனுப்புவது. வெளியே 8080, உள்ளே கார்டின் 80. இதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, பூட்டைச் செய்து கொடுத்தவனே சாவியைக் கதவில் தொங்கவிட்டுப் போவது. போர்ட் எண்ணை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். 2013லேயே ஒரு ஜிகாபிட் இணைப்பும் ஒரே ஒரு கணினியும் வைத்துக்கொண்டு, இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் மொத்தத்தையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்துக்குள் தேடி முடிக்கலாம் என்று ஜிமேப் கருவியைச் செய்தவர்கள் காட்டிவிட்டார்கள். இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியல் போடும் தேடுபொறிகளே இருக்கின்றன. என் போனில் திறந்தது என்றால் உலகத்தில் எல்லோருக்கும் திறந்தது என்று அர்த்தம். அந்தப் பச்சை டிக்கைக் காட்டி என்னை ஏமாற்றியது இப்படித்தான்.

இன்னும் இருக்கிறது. எச்டிடிபிஎஸ் போடவில்லை, வெறும் எச்டிடிபி. அதாவது பாஸ்வேர்டு வழியில் வெறும் எழுத்தாகப் போகிறது. டெல்நெட் (கார்டுக்குள் கட்டளை தட்டி நுழையும், மறைகுறியாக்கம் இல்லாத பழைய வழி) திறந்தே கிடந்தது. எஸ்என்எம்பி (கருவிகளை நெட்வொர்க் வழியாகக் கண்காணிக்கும் முறை) முதல் பதிப்பு, அதில் பாஸ்வேர்டு போல வேலை செய்யும் கம்யூனிட்டி பெயர்கள் பப்ளிக், பிரைவேட் என்று அப்படியே. இந்த இரண்டாவது பெயருக்கு எழுதும் உரிமை இருந்தால் அதன் வழியாகவும் யூபிஎஸ்ஸை ஆஃப் செய்யலாம். மெயில் ஏன் வரவில்லை என்றால், மெயில் சர்வர் பெயரைப் போட்டவர் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். அது இல்லாமல் எந்த மெயில் போகும்? அதே பக்கத்தில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை ஒரு தடவை அழுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமா? 2022 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் எரிசக்தித் துறையும் சேர்ந்து இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டன. இணையத்தோடு இணைத்த யூபிஎஸ்களில், பெரும்பாலும் மாற்றாமல் விட்ட டீஃபால்ட் பாஸ்வேர்டு வழியாக, ஆட்கள் உள்ளே வருகிறார்கள்; மேலாண்மைப் பக்கம் இணையத்திலிருந்து எட்டக்கூடியதாகவே இருக்கக்கூடாது; அப்படி இருந்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதே மாதம் ஒரு பெரிய யூபிஎஸ் வகையில் டிஎல்எஸ்டார்ம் என்ற பாதுகாப்பு ஓட்டைகளும் வெளியாயின. இதையே தினமும் செய்கிறேன் என்று காசு வாங்குகிறவருக்கு இது தெரியாமல் இருக்க என்ன நியாயம்?

சரி, கேட்கலாம் என்று போன் செய்தேன். முதலில், "வோல்டேஜ் ஃப்ளக்சுவேஷனா இருக்கும் சார்." லாக்கை அனுப்பினேன். "உங்க ஸ்டாஃப் யாராவது ஆஃப் பண்ணியிருப்பாங்க." வெளி ஐபி என்று காட்டினேன். "அது உங்க ரவுட்டர் பிரச்சினை, நான் யூபிஎஸ் வேலை மட்டும்தான் பண்ணேன்." ரவுட்டரில் அந்த வரியைப் போட்டது யார்? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

தளத்தின் கதை இதைவிட மோசம். சாட்டில் முதலில் இயந்திரம், அதைத் தாண்டி ஆள் வந்தாலும் அதே இயந்திர வாக்கியம்: "வேலை முடிந்ததாக நீங்கள் உறுதி செய்திருக்கிறீர்கள்." வேலை விவரத்தில் விபிஎன் என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அடுத்த முறை கேட்டால் புகாரை மூடியிருக்கிறார்கள், காரணம்கூட எழுதாமல். மறுபடி திறக்க வைத்தேன். இந்த முறை, லாக்கில் இருக்கும் தேதி சேவை நடந்த தேதியோடு பொருந்தவில்லை, ஆகவே ஆதாரமாக ஏற்க முடியாது என்றார்கள். ஏன் பொருந்தவில்லை? அவர்கள் அனுப்பிய ஆள் கார்டின் கடிகாரத்தைச் சரி செய்யவே இல்லை. நேர சர்வர் கட்டமும் காலி. அவர் செய்யாமல் விட்ட வேலையையே காரணம் காட்டி என் புகாரைத் தள்ளுகிறார்கள்! படித்தபோது கை நடுங்கியது. கடைசியில் நல்லெண்ண அடிப்படையில் அடுத்த புக்கிங்குக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். 38,000 போனவனுக்குக் கூப்பன். இன்னொரு தடவை அவர்களிடமே ஆள் கூப்பிட வேண்டுமாம்.

இந்தக் கார்டுகளில் எதை எப்படிச் செட் செய்ய வேண்டும் என்று வரிசையாக விளக்கத்தான் இருந்தேன். இப்போது மனம் ஓடவில்லை, அவசரமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தது என்று அழுத்துவதற்கு முன், விபிஎன்னை ஆஃப் செய்துவிட்டு மொபைல் டேட்டாவில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கக்கூடாது. திறந்தால் வேலை முடியவில்லை, பணத்தை விடாதீர்கள். டீஃபால்ட் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விடுகிறதா என்று உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். டெல்நெட், எச்டிடிபி ஆஃப். எஸ்என்எம்பி தேவையென்றால் மூன்றாவது பதிப்பு, இல்லையென்றால் அதுவும் ஆஃப். டெஸ்ட் மெயில் உங்கள் இன்பாக்ஸில் வந்த பிறகுதான் ஆளை அனுப்புங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், எனக்கு நடந்தது உங்களுக்கு வேண்டாம். ஒன்று மறந்துவிட்டேன், கார்டை ரீபூட் செய்வது வேறு, யூபிஎஸ்ஸை ரீபூட் செய்வது வேறு. முன்னதில் கரண்ட் போகாது, பின்னதில் மாட்டியிருப்பதெல்லாம் அணையும். வருகிறவரிடம் இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள், தடுமாறினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

ஏற்கெனவே யாரையாவது வைத்து இந்த வேலையை முடித்திருந்தால், இப்போதே ரவுட்டரைத் திறந்து போர்ட் பார்வர்டிங் பட்டியலைப் பாருங்கள். யூபிஎஸ்ஸின் ஐபிக்குப் போகிற வரி இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கார்டின் லாக்கையும் இறக்கி வையுங்கள், அப்புறம் அந்த வரியை அழித்துவிடுங்கள்.