கிருமி பார்க்கும் சிப்பா, கறுப்புக் குப்பியா, லேப்பா? மதுரைத் தண்ணீருக்கு எது சரிவரும்?

தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருப்பதால், கேன் போடுகிறவர்கள், அபார்ட்மெண்ட் சங்கத்துக்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் என்னிடம் கேட்பது இதுதான்: “விரல் அளவு சிப்பில் ஒரு சொட்டு விட்டால் ஈ.கோலை இருக்கா இல்லையான்னு போனிலேயே தெரியுமாமே, வாங்கிடலாமா?” ஈ.கோலை என்பது குடலில் வாழும் கிருமி, தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். என் பதில், குடிதண்ணீருக்கு இப்போதைக்கு வேண்டாம். பாலுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம்.

முதலில் சிப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சீப்புப் பல் மாதிரி கோர்த்த இரண்டு மெல்லிய தங்க மின்முனைகள், அவற்றின் மேல் குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி பூச்சு. கிருமி வந்து ஒட்டினால் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைக் கருவி படிக்கும். இது ஒரு வகை. ஒளியை வைத்துப் படிப்பதும் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் படிப்பதும் உண்டு. யோசனை அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரும் இதே குடும்பம்தான். ஆனால் ஒரு சொட்டு ரத்தத்தில் குளுக்கோஸ் மூலக்கூறு கோடானுகோடி இருக்கும், கருவி தேட வேண்டியதே இல்லை. குடிதண்ணீர்க் கதை வேறு. இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது, 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலை கூடக் கண்ணில் படக்கூடாது என்று. சிப்பில் விடுவது 50 மைக்ரோலிட்டர் சொட்டு என்று வையுங்கள், 100 மில்லியில் அப்படி 2000 சொட்டு இருக்கிறது. அந்த ஒற்றைக் கிருமி நீங்கள் விட்ட சொட்டில்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? போதாக்குறைக்கு, இப்படி நேரடியாகப் படிக்கும் சிப்கள் பலவற்றுக்கு ஒரு மில்லியில் சில நூறு, ஆயிரம் கிருமியாவது இருந்தால்தான் உறைக்கும். ஆக, “இல்லை” என்று சிப் காட்டினால் அது சுத்தம் என்று அர்த்தம் இல்லை.

அடுத்து கறுப்புக் குப்பி, ஹைட்ரஜன் சல்பைடு சோதனை. குவாலியரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்துக்காரர்கள் 1982-இல் வெளியிட்ட முறை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பார்க்கப் பயிற்சி தருகிறார்களே, அவர்கள் கையிலும் இதைப் பார்க்கலாம். குப்பிக்குள் மருந்தில் ஊறிக் காய்ந்த காகிதத் துண்டு ஒன்று கிடக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், குடல் வழி வந்த கிருமிகள் பெருகி வாயுவை விட, அது மருந்தில் இருக்கும் இரும்போடு சேர்ந்து காகிதத்தில் தொடங்கி குப்பி முழுக்கக் கறுக்கும். ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள். இன்குபேட்டர் வேண்டாம், நம்ம ஊர் சித்திரைச் சூடே போதும். மார்கழியில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குறை என்னவென்றால் எந்தக் கிருமி, எத்தனை என்று சொல்லாது. அப்புறம் அழுகின முட்டை வாடை அடிக்கிற போர் தண்ணீரில் கிருமியே இல்லாமலும் கறுத்துப் போகலாம். ஆனால் விலை மலிவு, ஏமாற்றினாலும் பெரும்பாலும் பயமுறுத்தும் பக்கமாகத்தான் ஏமாற்றும். அது எனக்குப் பிடிக்கும்.

லேப் ரிப்போர்ட்தான் சட்டத்துக்கும் சண்டைக்கும் நிற்கும். 100 மில்லியை வடித்தாளில் வடித்து, தாளை ஊட்டக் கூழின் மேல் வைத்து, புள்ளி புள்ளியாக வளரும் கிருமிகளை எண்ணுவார்கள். இல்லையென்றால் சோதனைக் குழாய்களில் வளர்த்துக் கணக்கிடுவார்கள். உறுதிசெய்து கைக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கோட்டை விடுவது பெரும்பாலும் சாம்பிள் எடுப்பதில்தான். குடித்த சோடா பாட்டிலைக் கழுவிப் பிடித்து, வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு, மேலூரிலிருந்து மத்தியானம் வரை சுற்றிக்கொண்டு வருகிறார்கள். லேப்பே கொடுக்கும் சுத்தம் செய்த பாட்டிலை வாங்குங்கள். அதில் கிடக்கும் தயோசல்பேட் மருந்தைக் கழுவிக் கொட்டாதீர்கள், குளோரினை முறிக்கத்தான் அது. குழாய் வாயைத் தீயில் காட்டி, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

டி.என்.ஏ. பார்க்கும் கையடக்கக் கருவிகள் தனி ரகம். காசநோயைக் கண்டுபிடிக்க நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் கருவி சிப்பில்தான் ஓடுகிறது, பேட்டரியில் வேலை செய்கிறது, சுமார் ஒரு மணி நேரத்தில் சொல்கிறது. அது சளிக்கு. குளோரின் போட்ட தண்ணீரில் செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் மிதக்கும் என்பதால், இதே வித்தையைச் சம்புக்குக் கொண்டுவந்தால் செத்ததையும் உயிரோடு இருப்பதையும் பிரிக்க வேறு வேலை செய்ய வேண்டும்.

பாலுக்கு ஏன் யோசிக்கலாம் என்றேன்? உசிலம்பட்டிப் பக்கம் கறந்து வரும் பச்சைப் பாலில் கிருமி மில்லிக்கு ஆயிரம், லட்சம் என்று இருப்பது சாதாரணம், சிப்புக்குத் தேடும் வேலை மிச்சம். அங்கே அதற்குப் போட்டி பழைய நீலச் சாயச் சோதனை: 10 மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் ப்ளூ, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டி. அரை மணிக்குள் நீலம் போனால் பால் மோசம், ஐந்து மணி தாண்டி நின்றால் நல்ல பால். நல்ல பால் என்று தெரியவே ஐந்து மணி ஆகிற இடத்தில், அரை மணியில் சொல்லும் சிப் வந்தால் பால் சென்டர்காரருக்கு லாபம்தான். ஆனால் பாலின் கொழுப்பும் புரதமும் மின்முனையில் போய் அப்பிக்கொள்ளும், ஆன்டிபாடிக்குக் குளிர்ச்சி வேண்டும், கரண்ட் போனால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கார்ப்பரேஷன் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, குளோரின் பார்க்கும் சின்னக் கருவியான குளோரோஸ்கோப்பில் சில சொட்டு மருந்து விட்டு மஞ்சள் வருகிறதா என்று தினம் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால் அன்றைக்கே குப்பியில் பிடித்து வையுங்கள், கறுத்தால் லேப்புக்கு அனுப்புங்கள்.

சிப் விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 100 மில்லியை வடித்துச் செறிவாக்கும் சாமானும் பெட்டியில் இருக்கிறதா, அதையும் சேர்த்து மொத்தம் எத்தனை மணி நேரம்? “பத்து நிமிஷம் சார்” என்று சொல்லி, வடிகட்டும் பேச்சையே எடுக்காவிட்டால் அனுப்பிவிடுங்கள்.