எப்போதாவது கார் ஓட்டுகிறவருக்கு கார் ஷேரிங் சரிவருமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்குச் சில முறையோ நகரத்துக்குள் கார் தேவைப்படுகிறவர், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஷேரிங் கார்கள் நிற்கிற இடத்தில் இருந்தால், தாராளமாகச் சேரலாம். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவர் இந்தப் பக்கமே வர வேண்டாம், கட்டுப்படியாகாது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம், ஏனென்றால் அவர்களுக்கான கணக்கை எந்தச் சேவையும் நேராகச் சொல்வதில்லை.

கார் ஷேரிங், அதாவது ஒரு சேவையின் கார்களை உறுப்பினர்கள் மாறி மாறி எடுத்து ஓட்டுவது, எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதமோ வருடமோ ஒரு சந்தா கட்டுகிறீர்கள். லைசென்ஸைச் சரிபார்க்கிறார்கள், பல சேவைகளில் பழைய விபத்து, அபராத வரலாறும் பார்க்கப்படும். அப்புறம் ஆப்பில் பக்கத்தில் நிற்கிற காரைத் தேர்ந்தெடுத்து எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று புக் செய்ய வேண்டும். போனையோ ஒரு அட்டையையோ காட்டினால் கதவு திறக்கும், சாவி உள்ளேயே இருக்கும், வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். கட்டணம் மணிக்கணக்கில், சில இடங்களில் கிலோமீட்டரும் சேர்த்து. இன்சூரன்ஸும் பெட்ரோலும் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். வாடகைக் கார் கடை மாதிரி கவுன்டரில் நின்று கையெழுத்துப் போடும் சடங்கு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கலாம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் சேர்வதற்கு நாள் பிடிக்கலாம். லைசென்ஸ் சரிபார்ப்பு சில நேரம் உடனே முடியும், சில நேரம் இழுக்கும். அதனால் நாளைக்குக் கார் வேண்டும் என்று இன்றைக்குச் சேர நினைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் ஆர்ஏசி ஃபவுண்டேஷன் என்று ஒரு ஆய்வு அமைப்பு இருக்கிறது, அது 2012-ல் ஒரு கணக்குப் போட்டது: சராசரிக் கார் 80% நேரம் வீட்டிலும், 16.5% நேரம் வெளியே வேறு எங்கேயோவும் நிறுத்தப்பட்டிருக்கிறது, ஓடுவது வெறும் 3.5% நேரம். கார் ஷேரிங்கை ஆதரிக்கிறவர்கள் இந்த மாதிரிப் புள்ளிவிவரத்தைக் காட்டி, பாருங்கள், உங்கள் கார் சும்மாவே நிற்கிறது, எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 16.5-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓடுகிற நேரத்தைப்போல நான்கு மடங்குக்கும் மேலான நேரம் கார் போன இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. சொந்தக் காராக இருந்தால் அந்த நேரத்துக்கு அதிகபட்சம் பார்க்கிங் கட்டணம்தான். ஷேரிங் காரில் அந்த ஒவ்வொரு மணிக்கும் மீட்டர் ஓடுகிறது, மேலே பார்க்கிங் கட்டணமும் உங்கள் தலையில். ஆக இந்த மெம்பர்ஷிப் உங்களுக்கு மிச்சப்படுத்துவது வீட்டில் நிற்கிற 80 சதவீதத்தை. போன இடத்தில் நிற்கிற நேரத்தை அது முழு விலைக்கு உங்களிடம் விற்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் எந்தப் பயணத்துக்கு இதை எடுக்க வேண்டும், எதற்கு எடுக்கக் கூடாது என்பது தானாகவே பிரிந்துவிடும். நான்கைந்து கடை ஏறி இறங்கி, கனமான சாமான் வாங்கி, வழியில் ஒருவரை ஏற்றி, இன்னொரு இடத்தில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்புகிற வேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அதே வேலைக்கு டாக்ஸி பிடித்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநரைக் காக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் சாமானோடு அடுத்த வண்டிக்குத் தெருவில் நிற்க வேண்டும். மாறாக, ஒரே இடத்துக்குப் போய் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற விஷயம் என்றால், போக ஒரு டாக்ஸி, வர ஒரு டாக்ஸி, அவ்வளவுதான். பல நேரம் அது மலிவாகவே இருக்கும், மலிவாக இல்லாவிட்டாலும் மணியைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு யாரையாவது கூட்டிப்போவதும் இதே வகைதான். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்கு, எப்போது முடியும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிற வண்டியை எடுக்கவே கூடாது.

அந்த முன்கூட்டியே சொல்வதில்தான் இந்தச் சேவையின் குணமே இருக்கிறது. திரும்புகிற நேரத்தை நீங்கள் புக் செய்யும்போதே சொல்லியாக வேண்டும். தாமதமானால் அபராதம், அதுவும் மணிக்கட்டணத்தைவிடச் சுருக்கென்று இருக்கும். ஆப்பில் நேரத்தை நீட்டிக்கலாம்தான், ஆனால் உங்களுக்குப் பின்னால் வேறொருவர் அதே காரை எடுத்திருந்தால் முடியாது. அபராதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னால் எடுத்தவர் வராததால் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு இருக்கிறது, அன்றைக்கு இந்த அபராதம் இன்னும் இரண்டு மடங்கு இருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் வேறொரு காருக்கு மாற்றிக் கொடுத்தார்கள், கொஞ்சம் பணமும் கணக்கில் வரவு வைத்தார்கள். ஆனால் அந்த வேறு கார் இருந்த இடத்துக்குப் போய்ச்சேரும் நேரத்துக்கு எந்த வரவும் ஈடாகாது. இதன் விளைவு, அனுபவசாலி உறுப்பினர்கள் எல்லோரும் தேவைக்குமேல் ஒரு அரைமணி சேர்த்தே புக் செய்கிறார்கள். நானும் அப்படித்தான். அந்த அரைமணியும் காசுதான் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணப் பட்டியலை ஒப்பிட்டுத் தலையைக் குழப்பிக்கொள்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சேராமலே பல சேவைகளின் வரைபடத்தைப் பார்க்க முடியும். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் எத்தனை கார்கள் என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் யோசியுங்கள். அந்த ஒன்று பழுதாகிப் போனால், சனிக்கிழமை காலையில் மற்றவர் எடுத்துவிட்டால், உங்கள் மெம்பர்ஷிப் வெறும் ரசீதுதான். வார இறுதியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கார் தேவைப்படும், வார நாள் மதியம் எல்லாக் காரும் சும்மா நிற்கும். மணிக்கட்டணம் கொஞ்சம் அதிகமானாலும் வாசல் பக்கத்தில் இரண்டு மூன்று கார் வைத்திருக்கிற சேவைதான் நல்ல சேவை. இருபது நிமிடம் நடந்தோ பஸ் பிடித்தோ போய் எடுக்க வேண்டிய மலிவான காரை முதல் மாதம் எடுப்பீர்கள், அப்புறம் எடுக்க மாட்டீர்கள், சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

காரின் நிலைமை பற்றி. இயந்திரத்தில் குறை சொல்ல முடியாது, பெரும்பாலும் புதிய வண்டிகள்தான். உள்ளே சுத்தம் என்பது முன்னால் ஓட்டியவரின் வளர்ப்பைப் பொறுத்தது. பிஸ்கட் தூள், நாய் முடி, டிக்கியில் மண், புகை பிடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியதற்குக் கீழேயே சிகரெட் வாசம், இதெல்லாம் உண்டு. சீட்டையும் கண்ணாடிகளையும் ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டும், மாடல் மாறினால் வைப்பர் எங்கே, ஹேண்ட் பிரேக் எங்கே என்று தேட வேண்டும். எப்போதாவது ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. முடிந்தவரை ஒரே காரையே எடுப்பேன். கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் படமெடுத்து ஆப்பில் ஏற்றிவிடுங்கள், மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. விடும்போதும் அதையே செய்யுங்கள். யார் போட்ட கீறல் என்ற விவாதத்தில் படம் இல்லாதவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

இன்சூரன்ஸ் அடக்கம் என்று சொன்னேனே, அது பாதி உண்மை. சேதம் ஏற்பட்டால் முதலில் ஒரு குறிப்பிட்ட தொகைவரை உங்கள் பணம்தான், அதற்கு மேலேதான் காப்பீடு வரும். அந்தத் தொகை பல திட்டங்களில் லேசானது இல்லை. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் அதைக் குறைத்துக்கொள்ளலாம், பயணத்துக்குப் பயணம் கட்டுவதா வருடத்துக்கு ஒருமுறை கட்டுவதா என்பதை நீங்கள் எத்தனை முறை எடுப்பீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஆனால் எழுத்து சிறியதாக இருக்கிற பகுதியைப் படிக்காமல் விடாதீர்கள். டயர், வண்டியின் அடிப்பாகம், தவறான எரிபொருள் நிரப்புவது போன்றவை சில திட்டங்களில் வெளியே நிற்கும். உறுப்பினர் அல்லாதவரிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தால் மொத்தமும் ரத்தாகும், பக்கத்தில் நீங்களே உட்கார்ந்திருந்தாலும் சரி.

பெட்ரோல் விஷயம் எளிது. வண்டியில் ஒரு எரிபொருள் அட்டை இருக்கும், அதை வைத்துப் போடலாம், உங்கள் பணம் போகாது. டேங்கில் கால்வாசிக்குக் குறையாமல் விட வேண்டும் என்பது பொதுவாக உள்ள விதி. எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை. மின்சாரக் கார் என்றால் திரும்ப வந்ததும் சார்ஜரில் செருகாமல் பல சேவைகளில் புக்கிங்கை முடிக்க முடியாது, அது நல்லது. டோல், போக்குவரத்து அபராதம் எல்லாம் வாரங்கள் கழித்து வரும், மேலே சேவையின் நிர்வாகக் கட்டணமும் ஒட்டிக்கொண்டு.

தரைக்கு அடியில் இருக்கிற பார்க்கிங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போனில் சிக்னல் இல்லையென்றால் பல சேவைகளின் ஆப் வேலை செய்யாது. காரில் இருக்கிற கருவி உங்கள் புக்கிங் விவரத்தை முன்பே வாங்கி வைத்திருந்தால் அட்டையைக் காட்டித் திறந்துவிடலாம், அதனால் அட்டை கொடுக்கிற சேவையாக இருந்தால் தவறாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் யாரும் எடுக்காத வண்டியில் பேட்டரி இறங்கியிருப்பதும் உண்டு. காரைக் கண்காணிக்கிற கருவி இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது பலருக்கு எரிச்சல். எடுத்த இடத்தில் இல்லாமல் வேறொரு இடத்தில் விடலாம் என்கிற சேவைகள் இருக்கின்றன, ஒரு பக்கமாகப் போக அவை அருமை. ஆனால் அவற்றின் ஆயுளைப் பாருங்கள். பாரிஸின் ஆட்டோலிப் 2011-ல் மின்சாரக் கார்களோடு ஆரம்பித்து, நஷ்டத்தில் 2018-ல் மூடப்பட்டது. டைம்லரும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து நடத்திய ஷேர் நவ் 2020 பிப்ரவரியில் வட அமெரிக்காவைவிட்டே வெளியேறியது. எடுத்த இடத்தில் விடுகிற பழைய முறையில் வளர்ந்த சுவிட்சர்லாந்தின் மொபிலிட்டி கூட்டுறவு 1997-ல் இரண்டு கூட்டுறவுகள் இணைந்து உருவானது, அந்த இரண்டும் 1987-ல் தொடங்கியவை. கனடாவின் கம்யூனாட்டோ 1994-லிருந்து ஓடுகிறது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். வேறு வேறு இடத்தில் விடப்பட்ட கார்களை மறுபடி தேவையுள்ள இடத்துக்குக் கொண்டுவர ஆளும் பணமும் வேண்டும், அந்தச் செலவு எடுத்த இடத்திலேயே விடுகிற முறையில் இல்லை. எனக்கு எரிச்சல் தருகிற அந்த விதிதான் சேவையை உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதை நம்பிச் சொந்தக் காரை விற்கலாமா? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியட் மார்ட்டினும் சூசன் ஷாஹீனும் வட அமெரிக்காவில் 2008-ல் உறுப்பினர்களிடம் கேட்டு, ஒரு ஷேரிங் கார் 9 முதல் 13 சொந்தக் கார்களுக்கு ஈடாகிறது என்று கணக்கிட்டார்கள். அதில் விற்றவர்களோடு, வாங்க நினைத்து வாங்காமல் விட்டவர்களும் சேர்த்தி. என் கருத்து, ஏற்கெனவே கார் இல்லாதவருக்கு இது இரண்டாவது கூட்டத்தில் இருக்க நல்ல வழி. கார் இருப்பவர் முதலில் சேர்ந்து, சொந்த வண்டியைத் தொடாமல் சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்கட்டும். பக்கத்தில் நிற்கிற ஷேரிங் காரை ஒரு அறிவிப்போடு சேவை வேறு இடத்துக்கு மாற்றிவிட முடியும், அதைத் தடுக்க உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இன்னும் யோசிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் குழந்தை சீட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொருத்திக் கழற்றுவது நாலாவது தடவையில் வெறுத்துப்போகும்.

சந்தா எடுக்கும்போது மாதச் சந்தாவையே எடுங்கள், வருடத்துக்குக் கட்டினால் தள்ளுபடி என்றாலும். எடுக்காத மாதங்களுக்குச் சந்தாவை நிறுத்திவைக்கும் வசதி சில சேவைகளில் இருக்கிறது, ஆப்பில் கண்ணில் படுகிற இடத்தில் இருக்காது, கேட்டால்தான் கொடுப்பார்கள். விலகும்போது கடைசிப் பயணத்தின் டோலும் அபராதமும் வந்துசேரும்வரை பழைய பில்களையும் படங்களையும் அழிக்க வேண்டாம், கணக்கை மூடிய பிறகும் உங்கள் கார்டிலிருந்து அவற்றை எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருக்கும்.