பூச்சி என்று சொல்லி வளர்ந்தவள் சொல்கிறேன்: சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பாம்பு பிடிக்க வந்தவர்

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஒரு பகுதி. டர்பனில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. வராண்டாவில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே கூரை மரத்தில் ஒரு பல்லி ஓடியது. அதன் பின்னாலேயே விரல் பருமனில், பளிச்சென்று பச்சையாக ஒன்று ஓடியது. அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆண்கள் மூன்று பேர் மதில் ஏறிக் குதித்து வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி, இன்னொருவர் கையில் கரும்பு வெட்டும் கத்தி. "கிரீன் மாம்பா, கிரீன் மாம்பா" என்று ஆளாளுக்குக் கூச்சல். கொடிய விஷமுள்ள பச்சைப் பாம்பு அது.

நான் போனை எடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் துணி துவைக்கும் அறையில் ஒரு பழுப்புப் பாம்பு வந்தது. பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டோம். வந்த ஆள் என்ன பாம்பு என்றுகூடப் பார்க்கவில்லை. கம்பியால் தலையை நசுக்கினார், குப்பைப் பையில் போட்டார், 850 ராண்ட் வாங்கிக்கொண்டு போனார். என் மகன் அதைச் சாவதற்கு முன் படம் எடுத்து வைத்திருந்தான். பிறகு விசாரித்தபோது அது வீட்டுப் பாம்பு என்றார்கள். தலையின் பக்கவாட்டில் கண்ணையொட்டி வெளிர் கோடுகள் ஓடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாமாம். விஷம் கிடையாது. தின்பது எலியை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் எலித் தொல்லை. வாஷிங் மெஷின் ஒயரைக் கடித்துப்போட்டது. எலியைவிட அந்தப் படம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. ஒன்றும் செய்யாத ஜீவனைக் காசு கொடுத்துக் கொன்றிருக்கிறோம்.

அதனால்தான் ஆப்பிரிக்கன் ஸ்நேக்பைட் இன்ஸ்டிட்யூட்டின் செயலியை அப்போதே போனில் போட்டுவைத்தேன். யோகான் மாரே என்ற பாம்பு நிபுணர் நடத்தும் அமைப்பு அது. செயலி இலவசம். பாம்புகளின் படம், முதலுதவி, பாம்பு பிடிக்க வருபவர்களின் எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. இந்த ஊருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் மளிகைக் கடை விசாரிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அதை இறக்கிவைப்பது. எங்கள் வீட்டுக்கு வந்த பாம்பு பிடிப்பவரின் எண் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. பேர் போடமாட்டேன், அவர் விளம்பரம் விரும்பாதவர். பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரத்தில் இது. பாம்பைப் பிடிக்கவும் கொண்டுபோகவும் இந்த மாகாணத்தில் எஸெம்வேலோ வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். அவரிடம் அது இருக்கிறது. வந்ததும் காட்டச் சொல்லிக் கேட்டேன், சிரிக்காமல் காட்டினார்.

போனில் அவர் முதலில் சொன்னது: "யாரும் கிட்டே போகாதீங்க ஆன்ட்டி. ஆனா கண்ணை அதிலேயிருந்து எடுக்காதீங்க. தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்து அனுப்புங்க." அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ஸ்பாட்டட் புஷ் ஸ்நேக், விஷமே இல்லை, நான் வரவேண்டிய அவசியமில்லை, தானே போய்விடும். பெட்ரோல் காசு கிடைக்கக்கூடிய ஒருவர் வரவேண்டிய அவசியமில்லை என்று சொன்னதை நான் கவனித்தேன். இந்தச் சேவையில் எனக்கு மிகப் பெரிய விஷயம் அதுதான். ஆனால் மண்வெட்டிக்காரர்கள் நம்பவில்லை. அவர்களுக்காக வரச் சொன்னேன். 35 நிமிடத்தில் பக்கியில், அதாவது சின்ன பிக்கப் வண்டியில், வந்து இறங்கினார்.

வெறும் கையால் பிடித்தார். முன்பாதி உடம்பில் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். பச்சை மாம்பாவுக்குப் புள்ளியே கிடையாது, உடம்பு முழுக்க ஒரே பச்சை. அது கடலோரக் காட்டை விட்டு லேசில் வெளியே வராது, வீட்டுக்குள் காண்பது அரிது. இது பல்லியையும் மரத்தவளையையும் தேடி எல்லா வீட்டுக்கும் வரும். வயிற்றுச் செதிலின் இரண்டு ஓரத்திலும் ஒரு மடிப்பு இருக்கிறது, அதை ஊன்றித்தான் சுவரில் ஏறுகிறது என்று புரட்டிக் காட்டினார். அத்தை மெதுவாகக் கிட்டே வந்தார். டர்பனில் இந்திய நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகஸின் பாரக்ஸில் பிறந்து, அங்கிருந்து குடியெழுப்பி இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர். லேசில் எதையும் நம்பமாட்டார். "தம்பி, கடிக்காதா?" என்று கேட்டார். "கடிக்கும் ஆயா. பயந்தா யார்தான் கடிக்கமாட்டாங்க? ஆனா விஷம் இல்லை." அத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கத்தி வைத்திருந்த அங்கிள் அதை எப்போது மதில் மேல் வைத்தார் என்று நான் பார்க்கவில்லை.

சிவகாசியில் என் பாட்டி ராத்திரியில் பாம்பு என்ற வார்த்தையையே சொல்ல விடமாட்டாள். "பூச்சின்னு சொல்லு" என்பாள். பேர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். நானும் அப்படியே வளர்ந்தேன். நல்லபாம்பு, சாரை, விரியன் எல்லாமே இருட்டில் ஒரே பூச்சி. எங்கள் தெருமுனையில் காய்கறி விற்கும் ஜூலு அம்மாவிடம் இந்தப் பச்சைப் பாம்பைப் பற்றிச் சொன்னேன். "இன்யாண்டேஜூலுவா? அடிச்சிடலையே?" என்று பதறினார். முன்னோர்கள் அந்த வடிவில் வீட்டைப் பார்க்க வருவதாக அவர்களுக்கு நம்பிக்கை. அந்த அம்மாவுக்கு அதைக் கூப்பிட ஒரு பேர் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது முறை நிலைமை வேறு. மார்ச் மாதம், ராத்திரி பத்து மணி, கராஜ். என் கணவர் விளக்கைப் போட்டதும் ஒரு பாம்பு படம் எடுத்து நின்றது. இம்ஃபேஸி, விஷத்தைத் துப்பும் நாகம். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் துண்டைத் திணித்துவிட்டு பாம்பு பிடிப்பவரைக் கூப்பிட்டோம். முதல் தடவை எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது ஷால்க்ராஸில் வேறொரு வீட்டில் இருந்தார். வந்து சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. காத்திருந்த எங்களுக்கு அது நீண்ட நேரம். ஒரே ஆள் என்பதால் இப்படித்தான் ஆகும், இரண்டாவதாக இன்னொருவர் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனிலேயே தெளிவாகச் சொன்னார்: இரண்டு மூன்று மீட்டர் தூரம் துப்பும், முகத்தைக் குறிவைக்கும், குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கக்கூடாது. கண்ணில் பட்டால் தேய்க்காமல் பதினைந்து இருபது நிமிடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வந்து கண்ணாடி மாட்டிக்கொண்டு, கொக்கிக் கம்பியும் நீள இடுக்கியுமாக உள்ளே போனார். பாம்பு சுருண்டு கிடந்த இடம், நான் ஹார்டுவேர் கடையில் 180 ராண்ட் கொடுத்து வாங்கி மீதி வைத்திருந்த பாம்பு விரட்டும் பொடி டப்பாவுக்குப் பின்னால். அந்தப் பொடி, கறுப்பு ஃபினாயில், வேலியோரம் காட்டுப்பூண்டு நடுவது, எதற்கும் பாம்பு அசையாது என்றார். எலி இருந்தால் வரும், இடுக்கு இருந்தால் நுழையும். கராஜ் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, ரப்பர் பட்டை போடச் சொன்னார். இதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். கேட்காமலே சொல்லியிருக்கலாம். இன்னொரு குறை: எங்கள் கராஜ் படத்தைக் கார் நம்பரோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். சொன்னதும் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். பெட்ரோலுக்கு முதல் முறை 200, இந்த முறை 300 ராண்ட்.

மூடியில் ஓட்டை போட்ட வாளிக்குள் அது சீறியது கேட்டது. வீடுகள் இல்லாத பக்கமாக, உம்லாத்துசானா ஆற்றோரத்தில் விடுவதாகச் சொன்னார். பழகிய இடத்தை விட்டு வெகுதூரம் கொண்டுபோனால் தவித்துப்போகுமாம்.

கறுப்பு மாம்பா வந்தாலும் இப்படித்தானா என்று பக்கத்து வீட்டு அங்கிள் அன்று கேட்டார். நியாயமான கேள்வி. சில்வர்கிளன் காட்டையொட்டி இருப்பவர்களுக்கு அது வெறும் பேச்சு இல்லை. ஆமாம், இப்படித்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்யவேண்டும். அந்தப் பாம்பின் உடம்பு கறுப்பே இல்லை, சாம்பல் நிறம், வாய்க்குள்தான் கறுப்பு. குளிர்காலத்தில் இரண்டு ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தால் பிணையல் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவை பெண் பாம்புக்காக மல்லுக்கட்டும் இரண்டு ஆண்கள். எலியையும் பாறை இடுக்கில் வாழும் டாஸி என்ற சின்ன விலங்கையும் தின்று பிழைப்பது அது. வழி கிடைத்தால் ஓடத்தான் பார்க்கும். பெரும்பாலும் கம்போடு போகிறவரைத்தான் கடிக்கும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தென்னாப்பிரிக்காவில் தயாராகும் கூட்டு விஷமுறிவு மருந்து பத்து இனப் பாம்புகளின் கடிக்கு வேலை செய்யும், மாம்பாவும் இம்ஃபேஸியும் அந்தப் பத்தில் உண்டு. அந்த மருந்துக்கு மூலப்பொருளே உயிரோடு இருக்கும் பாம்பின் விஷம்தான். நம் ஊரில், சென்னைப் பக்கம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் செய்துவருவதும் இதே வேலை: பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுவது.

இவருடைய சேவைக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் அந்தக் காத்திருப்புக்கும் ஃபேஸ்புக் படத்துக்கும் போய்விட்டது.

போன வாரம் மழை விட்ட ராத்திரி, பின்கட்டுக் குழாயடியில் அத்தை நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. "அம்மாடி, இங்க வா. தலை கறுப்பு, உதடு சிவப்பு. இதுக்கு என்ன பேரு?" நான் செயலியைப் பார்த்தேன், அத்தை கண்ணை எடுக்காமல் நின்றார். படத்தைப் பாம்பு பிடிப்பவருக்கும் அனுப்பினேன். "ஹெரால்டுதான் ஆன்ட்டி. தேரை தின்ன வந்திருக்கும். மனுஷங்களுக்கு ஒண்ணும் செய்யாது" என்று பதில் வந்தபோது, அது வேலிக்கு அடியில் பாதி உடம்பு போயிருந்தது.